நான்காம் பாரத்துப் பெரியப்பா

நான் வாத்தியார் வேலையில் சேர்ந்த முதல் மாதம், "உங்கள் வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிற பையன் யார்?" என்று யாராவது கேட்டிருந்தால், கடைசிப் பெஞ்சில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தவனைத்தான் காட்டியிருப்பேன். திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹைஸ்கூல். எனக்குக் கொடுத்திருந்தது நான்காம் பாரம்; இப்போது ஒன்பதாம் வகுப்பு என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்களே, அதுதான்.

அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. என்னைவிட ஒரு விரற்கடை உயரம். முந்தின வருஷம் அதே வகுப்பில் பெயிலாகி உட்கார்ந்துவிட்டவன். அதற்கு முன்னாலும் கீழ் வகுப்புகளில் அங்கங்கே தங்கித் தங்கித்தான் வந்திருக்கிறான். அதனால் வகுப்பில் அத்தனை பேருக்கும் அவன் 'பெரியப்பா'. கூப்பிடுகிறவர்கள் கேலியாகக் கூப்பிட்டார்கள். அவன் மரியாதையாகவே எடுத்துக்கொண்டான்.

"பாடத்தை வாசி" என்றால் போதும். புத்தகத்தை இரண்டு கையிலும் தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு எழுந்திருப்பான். 'பனைமரம்' என்றொரு பாடம். ஆற்றில் தண்ணீர் போகிற மாதிரி வாசிப்பான். ஓர் இடத்திலும் தடங்கல் கிடையாது. இவனை ஏன் பெயிலாக்கினார்கள் என்று எனக்குள்ளேயே கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் பாடப் புத்தகத்தை மாற்றியிருந்தார்கள். புதுசு புதுக்கோட்டையிலிருந்து வந்து சேர ஆடி மாதம் ஆகிவிட்டது. அதுவரைக்கும் பழைய புத்தகத்தை வைத்தே ஓட்டினோம். புதுப் புத்தகம் வந்த அன்று எல்லாரும் அதை முகர்ந்து பார்த்து முடித்ததும், முதல் பாடத்தை வாசிக்கச் சொல்லி வழக்கம்போல அவனையே எழுப்பினேன். முதல் பாடம் தேனீயைப் பற்றி. அவன் புத்தகத்தை ஏந்தினான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பனைமரம் நம் நாட்டின் பழமையான மரங்களுள் ஒன்றாகும். அதன் வேர் முதல் நுனி வரை…"

வகுப்பு அப்படியே அசந்து போயிற்று. அவன் நிற்கவில்லை. நுங்கு, பதநீர், கருப்பட்டி என்று போய்க்கொண்டேயிருந்தான். சரியான இடத்தில் பக்கத்தைக்கூடத் திருப்பினான். நடுப் பெஞ்சிலிருந்து ஒருத்தன் பொறுக்க மாட்டாமல் கத்தினான்:

"ஏ பெரியப்பா, அது போன வருசத்துப் பனமரம்டா! இங்கிட்டுத் தேனீ பறக்குது, பாரு!"

வகுப்பே உருண்டது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. பத்து வருஷமாக நம்பிக்கையாக இருந்த ஆள் திடீரென்று காலை வாரிவிட்ட மாதிரி புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மத்தியானம் தனியாகக் கூப்பிட்டு ஒரு வரியைக் காட்டினேன். எழுத்தெல்லாம் தெரிந்தது. "கா… லை… யி… ல்" என்று ஒவ்வொன்றாகச் சரியாகச் சொன்னான்.

"சரி, சேர்த்துச் சொல்லு."

"சேக்கும்போது எங்கிட்டோ போயிருது சார்."

"அப்ப இத்தனை வருஷம் எப்படிடா வந்தே?"

"கூட இருக்கவங்க வாசிக்கிறதைக் கேட்டுக்குவேன் சார். ரெண்டு தடவ கேட்டா எனக்கு மறக்காது. பரீச்சையிலயும் அப்படித்தான். கேள்விய மாத்திக் கேட்டுட்டாகன்னா மாட்டிக்குவேன்."

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியை மிதித்த முதல் ஆள் நான். சாயங்காலம் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தால், அடுப்படியில் இருக்கிற எங்கள் ஆத்தாளைப் பொறுத்தவரைக்கும் நான் படிக்கிறேன். சத்தம் நின்றால், "என்னடா, படிப்பு நின்னுபோச்சு?" என்று குரல் வரும். நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறேனா, மோட்டுவளையைப் பார்த்துச் சொல்கிறேனா என்று கேட்க வீட்டில் ஆள் ஏது? என்னமோ, எனக்கு எப்படியோ எழுத்து கூடிவிட்டது. இவனுக்குக் கூடவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றியது.

ஆனால் அவனுக்கு அவகாசம் இல்லை. எங்கள் ஸ்கூலில் ஒரே வகுப்பில் இரண்டு தடவை பெயிலானால் டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஹெட்மாஸ்டர் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் காலத்திலிருந்து வேலை பார்க்கிறவர். சட்டம் என்றால் சட்டம். அவனுக்கும் அது தெரியும்.

"டி.சி. குடுத்தா என்ன செய்வே?" என்று கேட்டேன்.

"வேலைக்கென்ன சார், காட்டுல கெடக்கு. ஆனா எங்க ஊர்ல என்னய யாரும் பேரு சொல்லிக் கூப்பிடுறதில்ல. 'ஐஸ்கூலு'ன்னுதான் கூப்பிடுவாக. 'ஏ ஐஸ்கூலு, இந்தக் கலப்பையைத் தூக்கு'ன்னு. எங்க ஊர்லேருந்து ஐஸ்கூலு வந்தது நான் ஒருத்தந்தான். டி.சி. வாங்கிட்டுப் போனா அப்புறம் எப்படிக் கூப்பிடுவாக?"

அரைப் பரீட்சை வரைக்கும் எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். அவனைப் போலவே வாசிக்கத் திணறுகிற இன்னும் சில பேரையும் கண்டுபிடித்தேன். கடைசிப் பெஞ்சு முழுவதும் ஏறக்குறைய அவர்கள்தான். சாப்பாட்டு வேளையில் டிராயிங் ரூமில் உட்கார வைத்துப் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தேன். இரண்டாம் தடவையே அவர்களுக்குப் பாடமாகிவிட்டது. பாடமான பிறகு புத்தகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. நான் இறைக்க இறைக்க அது வேறு வாய்க்காலில் ஓடியது.

அப்புறம்தான் ஒரு காரியம் செய்தேன். அடியிலிருந்தே ஆரம்பிப்போம் என்று பக்கத்து எலிமெண்டரி ஸ்கூலில் போய் ஒன்றாம் வகுப்புப் புத்தகங்களை வாங்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்தேன். மீசை முளைத்தவன் கையில் அணில் படம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த குட்டிப் பிள்ளைகள் ஸ்கூல் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். "பெரியப்பா அணில் படிக்கிறாரு! பெரியப்பா ஆடு படிக்கிறாரு!" மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. பொங்கல் லீவு முடிந்தும் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் ஊருக்குப் போனேன். கண்மாயில் இடுப்பளவு தண்ணீரில் நின்று காளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் காளைக்குப் பின்னால் மறைந்தான். அவன் உயரத்துக்கு அது முடிகிற காரியமா?

"வாங்க சார்" என்று அசடு வழிய வெளியே வந்தான். "நான் வாரேன் சார். ஆனா அந்தக் குஞ்சுப் புத்தகம் வேணாம் சார். என்ன வேணாலும் அடிங்க. அது மட்டும் வேணாம்."

"வேண்டாம். அது என் தப்பு. வேற என்னதான்டா வாசிக்கப் பிரியம் ஒனக்கு?"

கரையில் கிடந்த துண்டிலிருந்து நாலாக மடித்த ஒரு ரோஸ் காகிதத்தை எடுத்து வந்தான். பக்கத்து ஊர் மஞ்சுவிரட்டு நோட்டீஸ். கை ஈரம் படாமல் இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு, "எங்க ஊரு பேரும் இதுல இருக்காம் சார். எங்கிட்டு இருக்குன்னு தெரியல. நாலு நாளா வச்சிருக்கேன். யார்கிட்டயும் கேக்க முடியாது சார், ஐஸ்கூலு படிக்கிறவன் கேக்கலாமா?" என்றான்.

மஞ்சுவிரட்டுக்கு மாடு கொண்டு வருகிற ஊர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அவன் ஊரின்மேல் விரலை வைத்தேன். குனிந்து, கன்று முகர்கிற மாதிரி, அதைப் பார்த்தான். எழுத்து எழுத்தாகச் சொன்னான். பிறகு, நான் ஒன்றும் சொல்லாமலே அவன் விரல் காகிதத்தில் கீழே இறங்கியது. அடியில், கமிட்டிக்காரர்கள் பட்டியலில் போய் நின்றது.

"இங்கிட்டும் இருக்கு சார்!"

இருந்தது. எனக்கே அது கண்ணில் பட்டிருக்கவில்லை.

"அப்ப அதுக்கு மேல இருக்கிற ஊரு?"

"வி… ரா… விராச்… சார், விராச்சிலை! அதுக்குக் கீழ… திரு… திருமயம்!" காளை தண்ணீரிலேயே நின்றது, அதை மறந்துவிட்டான். அவனுக்கு நடந்து பழகிய ஊர்கள். பாதி எழுத்துக் கூடினால் மீதி ஊர் தானாக வந்து நின்றது. ஆனால் பனைமரம் மாதிரி இதை ஒப்பிக்க முடியாது. எந்த ஊர் எதற்குப் பின்னால் வரும் என்று அச்சுப் போட்டவனுக்குத்தான் தெரியும், பார்த்தால்தான் உண்டு.

சைக்கிளில் திரும்பி வரும்போதே எனக்கு வழி புலப்பட்டுவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து டிராயிங் ரூமில் பாடப் புத்தகத்தை மூடினோம். தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் நோட்டீசுக்குப் பஞ்சமில்லை. மஞ்சுவிரட்டு, நாடகம், சந்தை, டூரிங் டாக்கீஸில் படம் மாற்றினால் அதற்கு மாட்டு வண்டியில் கொட்டடித்துக்கொண்டு வந்து வீசுகிற நோட்டீஸ். "வண்டிக்குப் பின்னாலே ஓடிப் பொறுக்கி வாங்கடா" என்று வாத்தியாரே சொன்னால் பையன்களுக்கு எப்படி இருக்கும்? ஒவ்வொரு நாளும் புதுக் காகிதம். யாரும் முன்னால் கேட்டிராத விஷயம். ஒரே ஒரு நிபந்தனை: வாசித்து முடித்ததும், யாரை, எங்கே, எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று சொந்தப் பேச்சில் சொல்ல வேண்டும்.

"காளையோட வாலைப் பிடிக்கக் கூடாதாம் சார். மீறினாப் பிரைசு கெடையாதாம்."

"அது சரி. வேட்டியை எப்படிக் கட்டணும்னு போட்டிருக்கு?"

"அது போடலையே சார்!" என்று காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். அப்படிப் பார்ப்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் பெரியப்பா புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் யாரோ கொடுத்த மஞ்சள் நோட்டீஸ் ஒன்றைக் கொண்டு வந்தான். நான் அதை முன்னால் பார்க்கவில்லை. நிமிர்ந்து நின்று, விரலை வைத்து, உரத்த குரலில் ஆரம்பித்தான்:

"வா… லி… ப… வாலிப வயதில்… அ… றி… யாமல்… செய்த… தவறுகளால்… இல்லற… வாழ்க்கையில்…"

"போதும், போதும்!" என்றேன்.

"இல்ல சார், நல்லா வருது சார்! லே… கி… லேகியம்! ஒரு… மண்டலம்…"

பையன்கள் பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு குலுங்கினார்கள். பெண் பிள்ளைகள் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தது என் முன்னோர் செய்த புண்ணியம். திரும்பினால் வாசலில் ஹெட்மாஸ்டர்.

"என்ன மிஸ்டர் இது? ஹைஸ்கூலா, பஸ் ஸ்டாண்டா?"

வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். பாடப் புத்தகத்தை இவர்கள் மனப்பாடம் பண்ணிவிடுகிறார்கள், நோட்டீஸ் என்றால் பார்த்துத்தான் தீர வேண்டும் என்று நான் விளக்கினேன். அவர் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பங்குனியில இன்ஸ்பெக்டர் வரார். அவர் என்ன லேகியத்தையா வாசிக்கச் சொல்லப் போறார்? பாருங்க, அந்தப் பெரிய பையன் போன வருஷம் மாதிரி அவர் முன்னால ஒழுங்கா வாசிக்கலேன்னா முழுப் பரீட்சை வரைக்கும் நான் காத்துண்டிருக்க மாட்டேன். அன்னிக்கே டி.சி. அதுவரைக்கும் உங்க இஷ்டம்." படியிறங்கப் போனவர் திரும்பிப் பார்த்தார். "லேகியம் மட்டும் வேண்டாம்."

பங்குனியில் இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு ஜோல்னாப் பை, பஸ்ஸில் வந்த களைப்பு. நான்காம் பாரத்துக்குள் நுழைந்ததும் முதல் பெஞ்சில் ஒரு பையனை வாசிக்கச் சொன்னார். வகுப்பில் அவன்தான் முதல் மார்க். தேனீப் பாடத்தை ராகம் போட்டுப் பொரிந்து தள்ளினான். ஹெட்மாஸ்டர் முகம் மலர்ந்தது. அடுத்ததாக இன்ஸ்பெக்டர் கை நேராகக் கடைசிப் பெஞ்சுக்குப் போயிற்று. அங்கே ஒளிந்துகொள்ளக்கூடிய ஆளா அவன்?

"நீ எழுந்திரு. உன்னைப் போன வருஷமும் பார்த்தேனே? பனைமரம் வாசிச்சவன்தானே? பிரமாதமா வாசிச்சே."

பெரியப்பா எழுந்து நின்றான். தேனீப் பாடம் இந்நேரம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்கலாம். சொல்லித் தொலைக்க மாட்டானா என்று, உண்மையைச் சொன்னால், என் மனசு அப்போது அடித்துக்கொண்டது. அவனோ டிராயிங் ரூம் வழக்கப்படி புத்தகத்தைப் பெஞ்சில் வைத்தான். விரலை வரியில் வைத்தான்.

"தே… தேனீக்கள்… கூ… கூட்டமாக… வாழும்… இ… இயல்பு…"

ஹெட்மாஸ்டர் முகம் சுண்டிவிட்டது. "போன வருஷம் தண்ணியா வாசிச்சான் சார் இவன்!" என்றார் இன்ஸ்பெக்டரிடம். என் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க? இருந்ததும் போச்சே!" என்றார்.

டி.சி. எழுதியாகிவிட்டது என்றே நினைத்தேன். என் வேலையும் கூடவே போகலாம். ஆனால் விரலை எடுக்காமல், வரியை விடாமல், நெற்றி வேர்க்க நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்ததும் வாய் திறந்துகொண்டது.

"சார், போன வருஷம் அவன் வாசிக்கலே. ஒப்பிச்சான். இப்பத்தான் சார் வாசிக்கிறான். தெரியாத எதையாவது கொடுத்துப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஜோல்னாப் பைக்குள் கையை விட்டு அன்றைய தினசரியை எடுத்தார். மடித்து, ஒரு மூலையில் இருந்த சின்னச் செய்தியைக் காட்டி, முதலில் முதல் பெஞ்சுப் பையனிடமே கொடுத்தார். அவன் அதையும் அதே ராகத்தில், அதே வேகத்தில் பொரிந்தான். எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே விடாமல், விடக்கூடாத இடத்தில் விட்டு, முடித்துவிட்டு உட்கார்ந்தான். கேட்டவர்கள் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஹெட்மாஸ்டர் தலையாட்டினார்.

காகிதம் கடைசிப் பெஞ்சுக்குப் போயிற்று.

"பொன்… ன… பொன்னமராவதி… அருகே… கி… கிராமத்திலிருந்து… திரு… மணத்திற்குப்… புறப்பட்ட… உ… உறவினர்கள்… தவறான… பேருந்தில்… ஏறி…"

பக்கத்திலிருந்து ஒருத்தன், "அப்புறம்?" என்றான். இன்ஸ்பெக்டர் இருப்பது அவனுக்கு மறந்துவிட்டது.

"இருடா… வி… விராலிமலையை… அடுத்த… வே… வேறொரு… ஊரில்… நடைபெற்ற… திருமணத்தில்… கலந்து… கொண்டு… வி… விருந்து… உண்டு… மொ… மொய்… மொய்யும்…"

நின்றான். தோள் குலுங்கியது. அடக்கப் பார்த்தான்; முடியவில்லை. காகிதத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"என்னடா? சொல்லித் தொலைடா பெரியப்பா!"

"மொய்யும் எழுதிப்புட்டாகடா! வேற ஊரு கலியாணத்துல! நல்லாச் சாப்பிட்டு, மொய்யும் எழுதிப்புட்டு, அப்புறந்தான்… அப்புறந்தான் மாப்பிள்ளை மூஞ்சியவே பாத்திருக்காக! 'இது நம்ம பய இல்லையே'ன்னு!"

வகுப்பு வெடித்தது. முதல் பெஞ்சுக்காரன் எழுந்து கழுத்தை நீட்டி, "எங்கடா இருக்கு அது? காட்டு, காட்டு!" என்றான்.

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்தார். "தம்பி, இப்ப நீ வாசிச்சதும் அதைத்தானே?"

அவன் விழித்தான். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அழுகையில்லை, சிரிப்பு. "காலையில நான் வாசிச்சப்போ எனக்கே இவ்வளவு சிரிப்பு வரலே" என்றவர், ஹெட்மாஸ்டரிடம் திரும்பி, "இந்தப் பையன் இருக்கட்டும் சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். திட்டு வாங்கத் தயாராகப் போனேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போன வருஷம் அவர் முன்னால அவனை எழுப்பி விட்டதே நான்தான். இவன் ஒருத்தனாவது பிசிரில்லாம வாசிக்கறானேன்னு." பிறகு சிரித்துவிட்டார். "பக்கத்தைக்கூடத் திருப்பினானய்யா, படவா!"

முழுப் பரீட்சையில் அவன் தமிழில் தேறினான். கணக்கில் எப்படித் தேறினான் என்று நானும் கேட்கவில்லை, கணக்கு வாத்தியாரும் சொல்லவில்லை. ரிசல்ட் தெரிந்த மறுநாள் அவனுடைய அப்பா தோளில் ஒரு பலாப்பழத்தோடு ஸ்கூலுக்கு வந்தார். வராந்தாவில் அதை இறக்கி வைத்துவிட்டு, உள்ளே வரத் தயங்கி, தூணோரம் நின்றார். ஹெட்மாஸ்டரே எழுந்து வெளியே வந்தார்.

"எங்க பய எப்படிங்க படிக்கிறான்? நல்லாப் படிக்கிறானுங்களா?"

"மெதுவாப் படிக்கிறான். ஆனா, படிக்கிறான்."

"அப்ப டி.சி. இல்லீங்களே?"

"இல்லே. அஞ்சாம் பாரம் போறான்."

அவர் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, கேட்டின் பக்கம் நின்றுகொண்டிருந்த மகனைப் பார்த்து, எங்கள் ஸ்கூல் முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்:

"ஏ ஐஸ்கூலு! இங்கிட்டு வாடா! இந்தப் பழத்தை அறுக்கணும், எண்ணெய் எங்க இருக்குன்னு கேளு!"